சுமையை இறக்கும் சொல்

நுழையும்முன்

மாதக் கடைசியில் தந்தை பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். அடகுச் சீட்டை அன்னை அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் மறைத்து வைக்கிறார். கல்விக் கட்டணத்தைப் பற்றிக் கேட்க மகள் தயங்குகிறாள். மூவரும் அறிந்த ஒரே துன்பத்தை மூவரும் தனித்தனியே சுமக்கின்றனர். பணிச்சுமை, பணமுடை, முறையற்ற இழப்பு ஆகியவை தரும் மன அழுத்தத்தை எவ்வாறு எதிர்கொள்வது? சங்கப் புலவர் ஒருவரின் பட்டறிவு இதற்கு வழிகாட்டுகிறது.

உடல் தரும் எச்சரிக்கை

ஆபத்தை உணர்ந்தவுடன் அட்ரினலின், கார்டிசால் முதலிய ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. இதயத் துடிப்பு விரைவடைகிறது; தசைகள் இறுகுகின்றன. பாம்பைக் கண்டு விலகும் நொடியில் இஃது உயிர்காக்கும் ஏற்பாடாகும். கடனோ ஒரு நொடியில் கடந்துபோவதன்று. அச்சம் மாதக்கணக்கில் நீடிக்கும்போது உறக்கம் கெடுகிறது, கவனம் சிதறுகிறது, சிறு சொல்லுக்கும் சினம் எழுகிறது. எனவே, மன அழுத்தம் என்பது கோழைத்தனம் அன்று. ஓய்வின்றி இயங்கும் உடலும் உள்ளமும் தரும் எச்சரிக்கையே ஆகும்.

பெருஞ்சித்திரனாரின் வறுமை

புறநானூற்றுப் புலவருள் ஒருவரான பெருஞ்சித்திரனார் வறுமையை நன்கறிந்தவர். பசித்த மகன் உணவில்லாத கலத்தைத் திறந்து பார்த்து அழுவதையும், தாய் புலியைச் சொல்லி அச்சுறுத்தியும் நிலவைக் காட்டியும் அவனை ஆற்ற முயல்வதையும் குமணனிடம் அவர் ஒளிவின்றி எடுத்துரைத்தார். தம் இல்லத்து வறுமையைச் சொல்ல அவர் நாணவில்லை. சொன்னதனால்தான் உதவி கிடைத்தது.

உதவி கேட்ட இடமெல்லாம் அவருக்கு மதிப்புக் கிடைத்துவிடவில்லை. இளவெளிமான் அளித்த சிறு பரிசிலை ஏற்காது, தம் நெஞ்சையே எழுப்பி, வேறிடம் செல்லத் துணிந்தார். பின்னர்க் குமணன் அளித்த செல்வத்தைத் தம் மனைவியிடம் ஒப்படைத்தபோது, சுற்றத்தாருக்கும் முன்பு கைம்மாற்றாகத் தந்து உதவியோருக்கும் தம்மைக் கேளாமலே வழங்குமாறு கூறினார். துன்பத்தை வெளிப்படுத்துதல், தன்மதிப்பை இழவாமை, வந்ததைப் பகிர்தல் ஆகிய மூன்றையும் அவரிடம் காண்கிறோம்.

முறையற்றதை எதிர்கொள்ளல்

ஒரு வீட்டில் சாவுப்பறையும் மறுவீட்டில் மணமுழவும் ஒலிக்கும் உலகின் முரணைப் பக்குடுக்கை நன்கணியார் பாடினார். அதை இனியதென்று அவர் போற்றவில்லை. இன்னாமையை அறிந்தே இனியவற்றைக் காண வேண்டும் என்றார். உழைத்தவனுக்குப் பதவி கிடைக்காமையும், நோயால் சேமிப்புக் கரைவதும் வருந்தத்தக்கவையே. அவற்றை நியாயம் என்று நம்ப வேண்டியதில்லை. மாற்றக்கூடியதற்குப் போராடுவதும், மாற்ற இயலாததற்குத் தன்னையே குற்றவாளியாக்கிக் கொள்ளாமையும் அறிவுடைமை.

இல்லத்தில் தொடங்குவோம்

வரவு, கடன், வட்டி, தவணை நாள் ஆகியவற்றைக் குடும்பத்தார் சேர்ந்து ஒரு தாளில் எழுதலாம். எழுதியதால் கடன் குறைந்துவிடாது; ஆனால், அளவு தெரியாத அச்சம் அளவு தெரிந்த கணக்காக மாறும். முதலில் எதைச் செலுத்துவது, எதைத் தள்ளிவைப்பது, யாரிடம் கால நீட்டிப்புக் கேட்பது என்பன அதன்பின் புலப்படும். பிள்ளைகள் கடனைச் சுமக்க வேண்டியவர்கள் அல்லர். எனினும், உண்மையை அறிய உரியவர்கள். உறக்கமின்மையும் நம்பிக்கையின்மையும் தொடர்ந்தால் ஆசிரியரையோ மருத்துவரையோ நாடத் தயங்கக் கூடாது. மறைத்து வைத்த சீட்டு வெளியே எடுக்கப்படும் நாளில்தான் அந்த வீட்டில் மூவரின் சுமையும் பொதுச்சுமையாகிறது.

தெரிந்து தெளிவோம்

• உலக நலவாழ்வு அமைப்பு, நீடித்த பணி அழுத்தத்தால் விளையும் சோர்வை 2019இல் பணிசார்ந்த நிலையாக வகைப்படுத்தியது.
• மனநல ஆலோசனைக்கான ‘டெலி மனஸ்’ என்னும் தேசியத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. இதன் இலவச எண் 14416.
• திருக்குறளின் 63ஆம் அதிகாரம் ‘இடுக்கண் அழியாமை’.

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பத்தின் ஒரு மாதச் செலவுகளைப் பெற்றோருடன் அமர்ந்து பட்டியலிடுக.
2. ‘உதவி கேட்பது இழிவன்று’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.