குழாய் பற்றும் விரைவுக் கவ்வி

இரு உருக்குக் குழாய்களை முனையோடு முனை வைத்து வெல்டிங் செய்யுமிடத்து, அவற்றை அசையாது பற்றுதலே முதற் கருமமாகும். அச்சு விலகின் மூட்டின் உட்புறம் சரிவர உருகிச் சேராது. பின்னர் அழுத்தம் ஏறுங்கால் அவ்விடத்தே குழாய் பிளக்கவுங் கூடும்.

திருகாணிக் கவ்வி நன்கு பற்றும். எனினும் உருகிய துளிகள் புரியிற் படியின் இறுகிவிடும். ஆதலின் நாம் நெம்புக் கவ்வியை வகுப்போம்.

கோண இரும்பைப் பள்ளம் மேலாக வைப்பின் 90 பாகைத் தாங்கி கிடைக்கும். ஒரே வெளிவிட்டமுடைய குழாய்கள் அதிலே தாமாக ஓரச்சில் அமையும். மூட்டின் கீழே தாங்கியை வெட்டி இடைவெளி விடுவோம். இல்லையேல் தாங்கியும் குழாயோடு ஒட்டிவிடும்.

ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு கவ்வி வேண்டும். அதன் நெம்பிலுள்ள மூன்று சுழலாணிகள் நேர்கோட்டை அணுகுந்தோறும் பற்றுவிசை பெருகும். நடு ஆணி அக்கோட்டைச் சற்றே கடந்து தடையில் அமரின், குழாயின் எதிர்த்தள்ளல் கவ்வியைத் திறவாது, மேலும் பூட்டும். மிகக் கடப்பின் பற்றுத் தளரும். கைபிடியை ஒருமுறை உயர்த்த, யாவும் விடுபடும்.

ஒருபுறம் மாத்திரம் ஒட்டின், குளிர்ந்து சுருங்கும் உலோகம் குழாயை அப்புறம் இழுக்கும். ஆதலின் எதிரெதிராக நான்கிடங்களிற் புள்ளியொட்டு இட்ட பின்னரே கைபிடியை உயர்த்துவோமாக.