லண்டனில் மழை அதிகமா, சென்னையிலா? உலக ஊர்களின் வானிலையை ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

"லண்டன்ல எப்பப் பார்த்தாலும் மழையாமே?" என்று கேட்காத ஆள் இல்லை. கணக்கைப் பார்த்தால் லண்டனில் ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. மழைதான். சென்னையிலோ சுமார் 1,400 மி.மீ. ஆனாலும் மழை ஊர் என்ற பெயர் லண்டனுக்குப் போய்விட்டது. சென்னைக்காரர்கள் மே மாதத்தில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிறார்கள். ஊர்ப்பேச்சும் பொய் இல்லை, கணக்கும் பொய் இல்லை. ஆண்டு மொத்தம் என்ற ஒற்றை எண்ணை வைத்து ஊர்களை எடைபோட்டதுதான் கோளாறு. அதை எப்படித் தவிர்ப்பது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். ஒரு நோட்டுப் புத்தகமும் இணைய வசதியும் போதும்.

படி 1: இரண்டே ஊர்களை எடுங்கள்

உலகம் முழுவதையும் ஒரே மூச்சில் ஒப்பிட நினைத்தால் தலைதான் சுற்றும். ஒன்று உங்கள் ஊராக இருக்கட்டும். அதன் வெயிலையும் மழையையும் உடம்பே அறியும் என்பதால், எண்கள் சொல்வதைச் சரிபார்க்க அது உதவும். மற்றது உறவினரோ நண்பரோ இருக்கும் ஊரானால் நல்லது. எண் புரியாதபோது போன் போட்டுக் கேட்கலாம்.

படி 2: ஒரே அளவுகோலில் கணக்கெடுங்கள்

இன்றைய வெப்பநிலையை இன்றைய வெப்பநிலையோடு ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. 30 ஆண்டுச் சராசரியைத் தேடுங்கள். உலக வானிலை அமைப்பின் வழக்கப்படி இப்போது புழக்கத்தில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலான சராசரி. இந்திய வானிலை ஆய்வுத் துறை, பிரிட்டனின் மெட் ஆபீஸ், ஆஸ்திரேலிய வானிலை மையம் எல்லாமே மாதவாரியான அட்டவணைகளை வெளியிடுகின்றன.

அட்டவணையில் உள்ள வெப்பநிலை நிழலில் அளந்தது. வெள்ளைப் பூச்சும் காற்றோட்டமும் உள்ள பெட்டிக்குள், தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தை ஒட்டி, வெப்பமானியை வைத்திருப்பார்கள். வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் 47 டிகிரி இந்தக் கணக்கில் வராது.

மழை நாள் என்பதற்கும் நாட்டுக்கு நாடு இலக்கணம் வேறு. இந்தியாவில் 2.5 மி.மீ. பெய்தால்தான் அது மழை நாள். பிரிட்டனில் 1 மி.மீ. போதும். அமெரிக்க அட்டவணை என்றால் பாரன்ஹீட்டையும் அங்குலத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.

படி 3: பன்னிரண்டு மாதத்தையும் விரித்துப் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் உண்டு என்றால் இதைச் செய்யுங்கள்.

சான்பிரான்சிஸ்கோவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 14 டிகிரி, பெய்ஜிங்குக்குச் சுமார் 13. இதை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி ஊர் என்று தோன்றும். மாதவாரியாகப் பிரித்தால் கதையே வேறு. சான்பிரான்சிஸ்கோவில் ஜனவரியில் 11, ஜூலையில் 16. ஒரே ஸ்வெட்டரில் ஆண்டை ஓட்டிவிடலாம். பெய்ஜிங்கில் ஜனவரியில் உறைநிலைக்குக் கீழே 3, ஜூலையில் 27.

மழையையும் இப்படியே விரியுங்கள். லண்டனில் மாத மழை 40 மி.மீ.யை ஒட்டி ஆரம்பிக்கும், எந்த மாதமும் 70-ஐத் தாண்டாது. ஆண்டுக்குச் சுமார் 110 மழை நாட்கள், பெரும்பாலும் தூறல். சென்னையில் பிப்ரவரியில் 10 மி.மீ. கூடத் தேறாது, நவம்பரில் மட்டும் 350 மி.மீ.க்கு மேல் கொட்டும். ஆண்டின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் முடிந்துவிடும். லண்டனுக்கு மாதச் சம்பளம், சென்னைக்கு அறுவடைப் பணம்.

மழையையும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்க ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹைன்ரிஹ் வால்ட்டர் ஓர் எளிய வழி வைத்திருந்தார். ஒரு மாதத்தின் சராசரி வெப்பநிலையை இரண்டால் பெருக்குங்கள். அந்த மாத மழை, மி.மீ. கணக்கில், அதைவிடக் குறைவாக இருந்தால் அது வறண்ட மாதம். ஒரு மாதத்தில் 45 மி.மீ. மழை என்று வைத்துக்கொள்வோம். லண்டன் ஜூலையின் சராசரி 19 டிகிரி, எல்லை 38; புல் பச்சையாகவே இருக்கும். அதே 45 மி.மீ. சென்னையில் மே மாதம் பெய்தால், சராசரி 33 டிகிரி, எல்லை 66, பெய்ததெல்லாம் ஆவியாகிவிடும்.

படி 4: பருவத்தின் பெயரை அப்படியே நம்பாதீர்கள்

வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்ற நான்கும் நடு அட்சரேகை நாடுகளின் வசதிக்கு ஏற்பட்டவை. நம் பழைய கணக்கில் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு. வட ஆஸ்திரேலியாவின் காக்காடு பகுதிப் பழங்குடியினரும் ஆறு பருவங்களைத்தான் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் இரண்டு பருவக்காற்றுகளும் இடைப்பட்ட மாதங்களும்தான். பகல் உச்ச வெப்பம் ஆண்டு முழுவதும் 31-க்கும் 33-க்கும் இடையில் ஆடிக்கொண்டிருக்கும்.

தெற்கே போனால் நாள்காட்டியே தலைகீழ். மெல்போர்னில் ஜனவரி கோடை, ஜூலை குளிர். பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரித் தொடக்கத்தில். அப்போதுதான் டெல்லி நடுங்குகிறது. பருவத்தைத் தீர்மானிப்பது தூரமல்ல, பூமியின் அச்சு சுமார் 23.5 டிகிரி சாய்ந்திருப்பதே.

உச்ச வெயில் எந்த மாதம் என்பதையும் தனியே குறியுங்கள். லண்டனில் பகல் மிக நீண்ட நாள் ஜூன் 21-ஐ ஒட்டி வரும். நிலமும் கடலும் சூடேறச் சற்று நாளாகும் என்பதால் வெப்பம் உச்சம் தொடுவது ஜூலையில். சென்னையில் சூரியன் ஏப்ரல் கடைசியில் ஒருமுறை, ஆகஸ்ட் நடுவில் ஒருமுறை என இருமுறை உச்சந்தலைக்கு மேல் வரும். வறுப்பது முதல் முறைதான். இரண்டாம் முறை மேகம் குறுக்கே நிற்கிறது.

படி 5: புழுக்கத்தையும் காற்றையும் சேருங்கள்

ரியாத்தில் ஜூலையில் 43 டிகிரி என்றால் நிழலில் நின்று தாங்கிவிடலாம். சென்னையில் 37 டிகிரியில் சட்டை நனைந்துவிடும். ஈரப்பதச் சதவீதத்தைப் பார்த்தால் இது விளங்காது, இன்னும் குழம்பும்: லண்டனின் ஜனவரிக் காலையில் ஈரப்பதம் 90 சதவீதம் இருக்கும், அங்கே யாருக்கும் வியர்ப்பதில்லை. குளிர்ந்த காற்று கொஞ்சம் நீராவியிலேயே நிரம்பிவிடுவதுதான் காரணம்.

ஆகவே சதவீதத்தை விட்டுவிட்டுப் பனிப்புள்ளியைப் பாருங்கள். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி பனித்துளியாகப் படியத் தொடங்குமோ அதுதான் பனிப்புள்ளி. பெரும்பாலான வானிலைச் செயலிகள் காட்டும். 5 டிகிரிக் குளிரில் 90 சதவீத ஈரப்பதம் என்றால் பனிப்புள்ளி 3 டிகிரி சொச்சம். 37 டிகிரி வெயிலில் 50 சதவீதம் என்றால் பனிப்புள்ளி 25. பனிப்புள்ளி 15-க்குக் கீழே இருந்தால் சுகம், 24-ஐத் தாண்டினால் கசகசப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

குளிர் ஊர்களில் ஈரத்தின் இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. டொரண்டோவில் உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி இருக்கும்போது மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், உடம்பு உணர்வது மைனஸ் 20.

படி 6: ஏன் என்று கேளுங்கள்

அட்சரேகை, உயரம், கடல், மலை, காற்றின் திசை. ஓர் ஊரின் பருவத்தை விளக்க இந்த ஐந்தும் பெரும்பாலும் போதும். நிலநடுக்கோட்டை ஒட்டிய கீட்டோ ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே ஆண்டு முழுக்க ஊட்டி மாதிரி குளுமை.

சென்னைக்கு நல்ல ஜோடி பெரு நாட்டின் லிமா. சென்னை வடக்கே 13 டிகிரி, லிமா தெற்கே 12 டிகிரி. இரண்டும் கடற்கரைப் பெருநகரங்கள். லிமாவில் ஆண்டு மழை 20 மி.மீ.யைக்கூட எட்டாது. கடல் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் ஹம்போல்ட் நீரோட்டம் தெற்கிலிருந்து குளிர்ந்த நீரைக் கொண்டுவருகிறது. கீழே குளிர்ந்த காற்று, மேலே வெதுவெதுப்பான காற்று. ஈரக் காற்று மேலெழும்பி மழைமேகமாக வழியில்லை. கிழக்கிலிருந்து வரும் அமேசான் ஈரத்தை ஆண்டிஸ் மலை தடுத்துவிடுகிறது. குளிர்கால மாதங்களில் சாம்பல் மூட்டம் மட்டும் கவிந்திருக்கும். அங்கே மேட்டுக் குடியிருப்புகளில் வலை கட்டி மூடுபனியிலிருந்து நீர் பிடிக்கிறார்கள். சென்னைக்கோ வடகிழக்குப் பருவக்காற்று வெதுவெதுப்பான வங்கக் கடல் மீது வந்து ஈரத்தை அள்ளிப் போடுகிறது.

கடலின் தயவு இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்றால் சைபீரியாவின் வெர்கோயான்ஸ்கைப் பாருங்கள். 1892-இல் மைனஸ் 67.8, 2020 ஜூனில் 38 டிகிரி. கடல் சூழ்ந்த சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் இடைவெளி 18 டிகிரிதான்.

படி 7: உங்கள் ஊருக்கு ஒரு குறிப்பேடு

சராசரி என்பது எந்த ஆண்டிலும் அப்படியே நடப்பதில்லை. சென்னை 2015 டிசம்பரில் மூழ்கியது. 2019 கோடையில் அதே ஊரின் ஏரிகள் வற்றின. ஆகவே அட்டவணையோடு சொந்தக் குறிப்பும் வேண்டும்.

அடியும் வாயும் ஒரே அகலமுள்ள ஒரு டப்பாவை மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலை எட்டரைக்கு ஸ்கேலால் நீரின் ஆழத்தை அளந்தால் அது மி.மீ. கணக்கில் மழை, இந்திய வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது. கூடவே வேம்பு பூத்த நாள், முதல் மாம்பழம், தும்பி பறந்த நாள் எல்லாம் எழுதலாம். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி மலர்ந்த நாட்களின் பதிவு 9-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. 2021-இல் மார்ச் 26 அன்றே மலர் உச்சம் வந்தது, ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பதிவில் அதுவரை வந்ததிலேயே மிக முந்தி. யாரோ நாட்குறிப்பு எழுதி வைத்ததால்தான் இது தெரிந்தது.

வெளியூர் நண்பரையும் இதே குறிப்பேட்டை எழுதச் சொல்லுங்கள். மழை பெய்யாத நாளில் பூஜ்யம் என்று போடுவதை இருவரும் மறக்க வேண்டாம். கட்டத்தை வெறுமையாக விட்டால், அன்று மழை இல்லையா, நீங்கள் டப்பாவைப் பார்க்கவில்லையா என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.