பிரேக் பைப்புக்கு ஏசிச் செம்பு வேண்டாம்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் கார் நிறுத்துபவர்களுக்கு உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று தெரியும். என் மொரிஸ் மைனரின் இரும்பு பிரேக் பைப்புகள் அப்படித்தான் துருவேறிப் போயின. கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜில் மாற்றக் கொடுத்தேன். கராஜ் பாஸ் பூட்டியது ஏசி வேலைக்குப் பாவிக்கும் மென்செம்புக் குழாய். "செம்பு கறள் பிடிக்காது ஐயா, ஆயுசுக்கும் போதும்" என்றார்.

கறள் பிடிக்காதுதான். ஆனால் வெறும் செம்பு ஓயாத அதிர்வில் இறுகி, கடைசியில் வெடித்துவிடும். வெடித்தது பிளேர் அடித்த, அதாவது முனையை விரித்த, கழுத்தில். காலி வீதியில், சவோய் தியேட்டருக்குக் கிட்ட, ஒரு பஸ்ஸின் பின்னால் வரும்போது. பெடல் தரைக்குப் போய்விட்டது. மைனரில் நான்கு சில்லுக்கும் ஒரே ஒயில் சுற்று. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போச்சு. பின்சில்லைப் பிடிக்கும் ஹேண்ட்பிரேக்தான் உயிரைக் காத்தது. ஆனாலும் கிரில் நசுங்கியது. 1971இல் உற்பத்தி நின்ற காருக்கு கிரில் தேடுவது லேசான வேலையா?

கராஜில் கேட்டதற்கு, "பழைய கார் என்றால் அப்படித்தான்" என்று பதில். கார் பழசு, வெடித்த பைப் புதுசு!

நீங்கள் மாற்றுவதென்றால் கூனிஃபர் கேளுங்கள். ஏறத்தாழ 90 வீதம் செம்பு, 10 வீதம் நிக்கல், கொஞ்சம் இரும்பு கலந்த உலோகம். உப்புக்கும் அதிர்வுக்கும் தாங்கும். வொல்வோ 1970களிலேயே இதற்கு மாறிவிட்டது. விலை கூடத்தான், ஆனால் என் கிரில்லை விட மலிவு. வெறும் செம்பு நல்ல சிவப்பு, கையாலேயே சுலபமாக வளையும். கூனிஃபர் நிறம் வெளிறியது, வளைக்கக் கொஞ்சம் பலம் வேண்டும். மைனருக்கு வேண்டிய பைப்பின் வெளிவிட்டம் 3/16 அங்குலம்.

நட்டிலும் கவனம். மைனருக்கு 3/8 அங்குல யூஎன்எஃப் மரை. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அள்ளித் தரும் ஜப்பான் கார் நட் 10 மில்லிமீற்றர். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும், பலவந்தமாக முறுக்கினால் மரை போய்விடும். பிளேர் பழைய பைப்பின் முனையில் இருந்தது போலவே அடிக்கப்பட வேண்டும். மற்றபடி புது பிரேக் ஒயில் விட்டுக் காற்றெடுப்பது எந்தக் கராஜுக்கும் தெரிந்த வேலை.

பூட்டுவதற்கு முன் குழாய்த் துண்டொன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். காட்ட மறுக்கும் கராஜில் காரை விடாதீர்கள்.