கோதுமைப் புல் ‘பச்சை ரத்தமா’?

தென் மாவட்டங்களில் முளைப்பாரி வளர்த்துப் பழகிய பெண்களுக்குக் கோதுமைப் புல் வளர்க்க யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எருவும் வைக்கோலும் நிரப்பிய சட்டியில் ஊறவைத்த நவதானியத்தைத் தூவி, இருட்டறையில் தண்ணீர் தெளித்து வந்தால் சில நாட்களிலேயே பயிர் நிமிர்ந்து நிற்கும். வெளிச்சம் படாத முளைப்பாரி வெளிறிய மஞ்சளாக இருக்கும். கோதுமைப் புல்லைச் சன்னலோரம் வைப்பதால் அதில் பச்சையம் ஏறும். வளர்ப்பில் பெரிய வேறுபாடு இது ஒன்றுதான்.

ஆகவே, ‘இதற்கென்று தனி விதையும் தனிப் பெட்டியும் வாங்க வேண்டும்’ என்ற நம்பிக்கையை முதலில் விட்டுவிடலாம். மளிகைக் கடை முழுக் கோதுமையே முளைக்கும். தீட்டியதும் உடைத்ததும் உதவாது. பத்து மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் ஒருநாள் முளைகட்டி, ஓர் அங்குலம் மண்ணோ தென்னைநார்க் கழிவோ பரப்பிய தட்டில் நெருக்கமாகத் தூவலாம். தட்டின் அடியில் துளை வேண்டும். இரண்டு நாள் மூடிவைத்துப் பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால், 7 முதல் 10 நாட்களில் ஆறேழு அங்குலம் வளர்ந்துவிடும். விதைப்புக்கென்று விற்கும் கோதுமையில்தான் ஆபத்து இருக்கிறது. பூஞ்சைக்கொல்லி கலந்து விதைநேர்த்தி செய்த விதை பெரும்பாலும் சாயமேறிய நிறத்தில் இருக்கும். அதில் முளைத்ததை வாயில் வைக்கக் கூடாது.

மூன்றாம் நாள் வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சுபோல் தெரிந்ததும் பூஞ்சை என்று பயந்து தட்டையே கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அவை வேர்த்தூவிகள். தண்ணீர் தெளித்ததும் படிந்து மறைந்துவிடும். உண்மையான பூஞ்சை சிலந்தி வலைபோலத் தண்டுவரை ஏறும், பூசண வாடையும் அடிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது எளிதில் வரும். வந்துவிட்டால் மேல்புல்லை மட்டும் நறுக்கி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல் முழுத்தட்டையும் எருக்குழியில் போட்டுவிட வேண்டும்.

‘ஒரு கிலோ கோதுமைப் புல் 23 கிலோ காய்கறிக்குச் சமம்’ என்பது அடிக்கடி காதில் விழும் கணக்கு. இதன் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. கன்சாஸ் சிட்டியைச் சேர்ந்த வேளாண் வேதியியலாளர் சார்லஸ் ஷ்னாபெல், 1930இல் சாகும் நிலையில் இருந்த கோழிகளுக்கு இளம்புல்லைப் புதிதாக நறுக்கிக் கொடுத்தார். கோழிகள் தேறி முட்டையிட்டன. 15 பவுண்டு புல் 350 பவுண்டு காய்கறிக்கு ஈடு என்று அவர் பெயரில் பரவிய பேச்சுதான் இந்த 23 மடங்கு. ஆனால் அவருடைய புல் திறந்த வயலில், குளிரில், மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்தது. பின்னர் அதை உலர்த்திப் பொடியாக்கியதால் நீரும் வற்றியிருந்தது. ஒரு வாரம் தட்டில் வளர்ந்த புல்லின் சாறு பெரும்பகுதி தண்ணீர். ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 30 மில்லி சாற்றில் புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. அதே எடை பாலக்கீரையிலும் ஏறக்குறைய அவ்வளவே இருக்கிறது, நார்ச்சத்தும் கூடவே கிடைக்கிறது.

‘பச்சை ரத்தம்’ என்ற பெயருக்கும் ஒரு காரணம் உண்டு. பச்சைய மூலக்கூறும் ஹீமோகுளோபினின் ஹீம் பகுதியும் வளைய வடிவில் ஒன்றையொன்று ஒத்தவை. ஆனால் பச்சையத்தின் நடுவே மெக்னீசியம், ஹீமின் நடுவே இரும்பு. குடித்த பச்சையத்தில் மெக்னீசியத்தை நீக்கி இரும்பை வைத்து ரத்தமாக்கும் வழி எதுவும் நம் உடலில் இல்லை.

இருந்தும் மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், அது நல்ல காரியம். 2004இல் வெளியான சண்டிகர் ஆய்வில், தலசீமியா நோயாளிகள் 16 பேரில் 8 பேருக்கு ரத்தம் ஏற்றும் தேவை 25 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. நம்பிக்கை பிறந்தது. 2009இல் வெளியான தில்லி ஆய்வு அத்தகைய பயனைக் காணவில்லை. மாதந்தோறும் பிள்ளைக்கு ரத்தம் ஏற்றும் பெற்றோரிடம் முதல் ஆய்வை மட்டும் சொல்லிப் புல்பொடி விற்பது கொடுமை.

சர்க்கரை நோய் விஷயத்தில் இது இன்னும் தீவிரம். தட்டில் வளர்த்துச் சாறு பிழியும் முறையைப் பரப்பிய ஆன் விக்மோர், தன் முறையால் இன்சுலினைக் குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம் என்று சொன்னதற்காக மாசசூசெட்ஸ் அரசுத் தலைமை வழக்கறிஞர் 1982இல் அவர்மீது வழக்குத் தொடுத்தார். பின்னர் விக்மோரே அந்தக் கூற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் கைவிட்ட கூற்று இன்னும் உலவுகிறது. இன்சுலின் போடுகிறவர் வீட்டில் கோதுமைப் புல் தாராளமாக வளரட்டும். அதை நம்பி மருந்தில் ஓர் அலகுகூடக் குறைக்க வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களோ, வைட்டமின் கே நிறைந்த எந்தக் கீரையையும் போல இதையும் தினசரி குடிக்கத் தொடங்குமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.