பெட்ரோல் வண்டியில் தீப்பொறி வரவில்லையா? படிப்படியாகக் கண்டறியும் முறை

கொடுமுடி வட்டாரத்தில் காவிரிக் கரையிலும் காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்திலும் மஞ்சள், வாழை, கரும்பு, தென்னை பயிரிடும் விவசாயிகளில் சிலர், விளைபொருளைக் கொண்டு செல்லப் பழைய பெட்ரோல் வண்டியை வைத்திருக்கிறார்கள். பழைய பெட்ரோல் ஜீப், 1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வெளிவந்து பின்னர் ஆம்னி எனப் பெயர் மாறி 2019-ல் உற்பத்தி நின்ற வேன் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

தார் வெட்டிய வாழை காத்திருக்காது. சாலைப்புதூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் தேங்காய், கொப்பரை ஏலத்தைத் தவறவிட்டால் அடுத்த ஏலம் வரை பொறுத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட காலை நேரத்தில் செல்ப் மோட்டார் சுற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால், பலரும் ஊகத்தில் காயில், பிளக், பாயிண்ட் என்று ஒவ்வொன்றாக மாற்றுகிறார்கள். பணம் செலவாகிறது, பழுது அப்படியே இருக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் வாய்க்கால் நெடுக நடந்து எதுவரை தண்ணீர் வந்திருக்கிறது என்று பார்க்கிறோம் அல்லவா? மின்சாரத்தையும் அவ்வாறே தேட வேண்டும்.

இம்முறை காண்டாக்ட் பாயிண்ட் உள்ள 12 வோல்ட் பெட்ரோல் வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். டீசல் எஞ்சினில் தீப்பொறியே கிடையாது. மின்னணு முறையில் இயங்கும் பிந்தைய வண்டிகளில் இச்சோதனைகளைச் செய்தால் விலை உயர்ந்த பாகம் கெட்டுவிடக்கூடும். அவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே விடுவது நல்லது.

பொறி எப்படி உண்டாகிறது?

பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் இக்னிஷன் சுவிட்ச் வழியாகக் காயிலின் முதல் சுற்றுக்குள் செல்கிறது. டிஸ்டிரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் சேர்ந்திருக்கும்போது மின்சாரம் ஓடுகிறது. திறந்தவுடன் சட்டென்று நிற்கிறது. பம்புசெட் குழாயில் வால்வைத் திடீரென்று மூடினால் தண்ணீர் குழாயையே அதிர வைப்பதை விவசாயிகள் அறிவர். அதுபோல, மின்சாரம் திடீரென நிற்கும்போது காயிலின் இரண்டாம் சுற்றில் 15 ஆயிரம், 20 ஆயிரம் வோல்ட் வரை அழுத்தம் எழும்புகிறது. இதை ரோட்டார் ஒவ்வொரு பிளக்காகப் பங்கிட்டு அனுப்புகிறது. மின்சாரம் சுத்தமாக நிற்கவும், பாயிண்ட் கருகாமல் இருக்கவும் கண்டென்சர் உதவுகிறது.

மூன்று சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் பாயிண்ட் 4,500 தடவை திறந்து மூடுகிறது. எனவே முதலில் தேய்வதும் கருகுவதும் பாயிண்ட்தான் என்பதில் வியப்பில்லை.

தொடங்கும் முன்

வண்டியை நியூட்ரலில் வைத்துக் கைபிரேக் போடவும். பெட்ரோல் கசிவு இருந்தால் சோதனையே செய்யக்கூடாது. பிளக் ஒயரை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. ரப்பர் கைப்பிடி போட்ட உலர்ந்த குறடு தேவை. இருதய நோய் உள்ளவர்கள் இவ்வேலையில் இறங்க வேண்டாம். ஒரு சிறு 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர்களை இணைத்து வைத்துக் கொண்டால் அதுவே சோதனை விளக்கு.

பேட்டரி முனைகளில் உப்புப் பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்கவும். செல்ப் மோட்டார் மந்தமாகச் சுற்றினால் முதலில் பேட்டரியைச் சார்ஜ் செய்ய வேண்டும்.

முதல் படி: பொறிதான் குறையா?

சிறிது நேரம் செல்ப் அடித்தபின் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்க்கவும். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரும் வழியைப் பார்க்க வேண்டும். பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறியின் மேல் சந்தேகம் கொள்ளலாம். அந்தப் பிளக்கைத் துடைத்து உலர்த்தி, பிளக் துளையைத் துணியால் அடைக்கவும். பிறகு பிளக்கை அதன் ஒயரில் மாட்டி, துளைக்கும் கார்புரேட்டருக்கும் தள்ளி, அதன் உலோகப் பகுதி எஞ்சின் இரும்பைத் தொடுமாறு வைத்து, மற்றொருவரைச் செல்ப் அடிக்கச் சொல்லவும்.

நீல நிறத்தில் 'சட் சட்' என்று ஒலியுடன் வந்தால் பொறி நன்றாக உள்ளது. மஞ்சளாக மெலிந்து வந்தால் பலவீனம். ஒரே ஒரு பிளக்கில் மட்டும் வராவிட்டால் அந்தப் பிளக்கோ ஒயரோதான் பழுது. எல்லாவற்றிலும் வராவிட்டால் அடுத்த படிக்குச் செல்லவும்.

இரண்டாம் படி: நடுவில் சோதித்தல்

டிஸ்டிரிபியூட்டர் மூடியின் நடுவிலிருந்து காயில் ஒயரைக் கழற்றி, அதன் முனையைக் குறட்டால் பிடித்து எஞ்சின் இரும்பிலிருந்து சுமார் 6 மி.மீ. தள்ளி வைத்துச் செல்ப் அடிக்கவும். இங்கே நல்ல பொறி வந்தால் காயில், கண்டென்சர், பாயிண்ட் ஆகியவை வேலை செய்கின்றன என்று பொருள். பழுது மூடியிலோ ரோட்டாரிலோ உள்ளது. மூடியின் உட்புறம் ஈரம், விரிசல், பென்சில் கோடு போன்ற கரிக்கோடு இருக்கிறதா, நடுவிலுள்ள கரித்துண்டு தேய்ந்துவிட்டதா என்று பார்க்கவும். மழைக்காலத்திலும் வண்டியைக் கழுவிய மறுநாளும் நிற்கும் வண்டிகள் பல, மூடியை உலர்ந்த துணியால் துடைத்தவுடனே கிளம்பிவிடும். விரிசலும் கரிக்கோடும் உள்ள மூடியை மாற்றத்தான் வேண்டும்.

மூடியைத் திறந்திருக்கும்போதே செல்ப் அடித்து ரோட்டார் சுற்றுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். சுற்றாவிட்டால் டைமிங் பெல்ட் போன்ற இயக்கும் பாகம் அறுந்திருக்கும். உடனே நிறுத்தி மெக்கானிக்கை அழைக்கவும்.

மூன்றாம் படி: சோதனை விளக்கு

காயில் ஒயரிலும் பொறி வராவிட்டால் அதன் முனையை எஞ்சின் இரும்பைத் தொடுமாறு வைக்கவும். விளக்கின் ஒரு ஒயரை எஞ்சின் இரும்பில் வைத்துச் சாவியைப் போடவும். மற்ற ஒயரைக் காயிலின் பிளஸ் முனையில் தொடவும். விளக்கு எரியாவிட்டால் பியூஸ், சுவிட்ச், அல்லது இடையில் ஒயர் அறுந்திருக்கிறது. வண்டி நிற்கும் கொட்டகையில் எலி இருந்தால் ஒயரை நெடுகப் பார்க்கவும்.

பிளஸ்ஸில் எரிந்தால், மைனஸ் முனையில் தொட்டுச் செல்ப் அடிக்கவும். இப்போது நான்கு நிலைகள் உண்டு:

1. விளக்கு மினுக்மினுக்கென்று விட்டு விட்டு எரிந்தால் பாயிண்ட் வேலை செய்கிறது. கண்டென்சர், காயில், காயில் ஒயர் ஆகியவற்றில் ஒன்று பழுது. விலை குறைந்த கண்டென்சரை முதலில் மாற்றிப் பார்க்கவும்.

2. விளக்கு நிற்காமல் எரிந்தால் பாயிண்ட் சேரவில்லை, அல்லது கருகி அழுக்கேறியுள்ளது, அல்லது டிஸ்டிரிபியூட்டருக்குச் செல்லும் ஒயர் அறுந்துள்ளது.

3. எரியவே இல்லையென்றால் டிஸ்டிரிபியூட்டருக்குச் செல்லும் ஒயரைக் காயிலிலிருந்து கழற்றி மறுபடி மைனஸில் தொடவும். இப்போது எரிந்தால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சர் ஷார்ட் ஆகியுள்ளது.

4. அப்போதும் எரியாவிட்டால் காயிலின் உள்சுற்று அறுந்துள்ளது. காயிலை மாற்ற வேண்டியது இந்த நிலையில்தான்.

பாயிண்டைச் சீர்செய்தல்

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மிக நைசான உப்புத்தாளால் பாயிண்டின் இரு முகங்களையும் லேசாகத் தேய்க்கவும். பிறகு சுத்தமான துணியால் துடைக்கவும், எண்ணெய் படக்கூடாது. பாயிண்ட் முழுதும் திறந்த நிலையில் இடைவெளி, பல வண்டிகளில் 0.4 முதல் 0.5 மி.மீ. வரை இருக்கும். சரியான அளவை வண்டியின் கையேட்டில் பார்த்துப் பீலர் கேஜால் வைக்கவும். புதிய பாயிண்ட் சில நாட்களிலேயே மீண்டும் கருகினால் கண்டென்சரே காரணமாக இருக்கலாம்.

எஞ்சின் ஓடாதபோது சாவியைப் போட்டே வைத்திருக்க வேண்டாம். பாயிண்ட் சேர்ந்த நிலையில் இருந்தால் காயில் சூடேறிக் கெட்டுவிடும்.

செல்ப் அடிக்கும்போது எஞ்சின் பிடித்து, சாவியை விட்டவுடன் நின்றுவிடுகிறதா? காயிலுக்கு முன் ரெசிஸ்டர் பொருத்திய வண்டிகளில் இது அந்த ரெசிஸ்டரின் பழுதாக இருக்கலாம். மற்ற வண்டிகளில் சுவிட்சைச் சோதிக்க வேண்டும்.

வண்டியில் ஒரு செட் பாயிண்ட், ஒரு கண்டென்சர், ஒரு ரோட்டார், நல்ல பிளக் ஒன்று, சோதனை விளக்கு ஆகியவற்றை எப்போதும் வைத்திருப்பது நல்லது. அறுவடைக்கு முன்பே மூடியையும் பாயிண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டால், தார் ஏற்றிய பின் வண்டி நடுவழியில் நிற்கும் வாய்ப்புப் பெரிதும் குறையும்.