பட்டணத்தில் கடை வைப்பவருக்கு ஒரு வீட்டுக் கணக்கு

நமது அச்சங்குளம், வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி வட்டாரத்திலிருந்து சென்னைக்குப் போய்க் கடை வைப்பது புதிய செய்தி அல்ல. எத்தனையோ குடும்பங்கள் அப்படிப் போய் முன்னுக்கு வந்திருக்கின்றன. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுத் தயாரிப்புக்குக் கட்டுப்பாடுகள் விதித்த பிறகு, நம் பகுதியில் வேலை முன்போல நிச்சயமாக இல்லை. 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளம் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தை நம்மில் யாரும் மறக்கவில்லை. "பையனுக்குப் பட்டாசு வேலை வேண்டாம், சென்னையில் ஒரு சிறு பலசரக்குக் கடை வைத்துக் கொடுக்கலாமா?" என்று கேட்கும் பெற்றோர் இன்று அதிகம்.

கொடுக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே யோசிக்க வேண்டும். கடைக்கு எவ்வளவு சரக்கு, தராசுக்கு எவ்வளவு, குளிர்பதனப் பெட்டிக்கு எவ்வளவு என்று நாம் பைசா சுத்தமாகக் கணக்குப் போடுகிறோம். குடியிருக்கப் போகும் வீட்டுக்கும் முதல் வேண்டும் என்பதை விட்டுவிடுகிறோம். கடைசியில் கடைச் சரக்குக்கு வைத்த பணம் வீட்டு அட்வான்ஸாகப் போய்விடுகிறது. பாதி அலமாரி காலியாக இருக்கும் கடைக்கு எந்த வாடிக்கையாளர் இரண்டாம் முறை வருவார்?

வாடகை வேறு, அடக்கவிலை வேறு

மூட்டையின் கொள்முதல் விலையோடு ஏற்றுகூலி, இறக்குகூலி, லாரி வாடகை, சேதாரம் எல்லாம் சேர்த்துத்தானே அடக்கவிலை பார்க்கிறோம்? வீட்டுக்கும் அப்படியே பார்க்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு. மாத வாடகை ரூ.12,000 என்று சொல்லும் வீடு. பத்து மாத அட்வான்ஸ் ரூ.1,20,000, அதைக் கைமாற்றாக நூற்றுக்கு இரண்டு வட்டியில் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

வாடகை - ரூ.12,000
அட்வான்ஸ் பணத்துக்கு மாத வட்டி - ரூ.2,400
தரகர் கூலி ஒரு மாத வாடகை, 11 மாதத்தில் பிரித்தால் - சுமார் ரூ.1,090
காலி செய்யும்போது வெள்ளையடிக்கப் பிடிக்கும் ஒரு மாத வாடகை, அதே முறையில் - சுமார் ரூ.1,090
பராமரிப்பு, தண்ணீர் - ரூ.800
ஆக மொத்தம் - சுமார் ரூ.17,380

பன்னிரண்டாயிரம் என்று பேசிய வீட்டின் அடக்கவிலை பதினேழாயிரத்தைத் தாண்டுகிறது. மின்சாரம் இதில் சேரவில்லை. தமிழ்நாட்டில் 2016 மே மாதம் முதல் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தனி மீட்டர் இருந்து, மின் வாரியக் கட்டணத்தை நேரடியாகக் கட்டினால் அந்தச் சலுகை நமக்குக் கிடைக்கும். வீட்டுக்காரர் தாமே யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் கிடைக்காது. எனவே வீடு பார்க்கும்போதே மீட்டரையும் பார்க்க வேண்டும்.

அட்வான்ஸ்: சட்டம் என்ன சொல்கிறது?

பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக, சொத்து உரிமையாளர் - வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி, இருவரும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும். தண்ணீர், மின்சாரத்தைத் துண்டித்துக் குடியிருப்பவரை நெருக்குவதற்கும் சட்டம் இடம் தரவில்லை.

"வேறுவிதமாக ஒப்பந்தம்" என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. பத்து மாத அட்வான்ஸுக்கு நாமே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு சட்டத்தைக் காட்டிப் பேச முடியாது. ஆகவே பேரத்தைக் கையெழுத்துக்கு முன்பே முடிக்க வேண்டும். வாடகையில் ஐந்நூறு கூடுதலாகக் கேட்டாலும் அட்வான்ஸைக் குறைப்பதே வணிகருக்கு லாபம். எப்படி என்று பாருங்கள். மூன்று மாத அட்வான்ஸ் ரூ.36,000, பத்து மாதத்துக்கு ரூ.1,20,000. வித்தியாசம் ரூ.84,000. இந்தப் பணத்தில் சரக்குப் போட்டு, மாதம் இரு முறை புரட்டி, நூற்றுக்கு ஆறு நின்றால் மாதம் ரூ.10,080 மொத்த லாபம். அந்தப் பணம் வீட்டுக்காரரிடம் தூங்கினால் ஒரு காசு தராது.

தூரமும் நேரமும்

ஊருக்கு வெளியே போனால் வாடகை குறையும் என்பது உண்மை. அலுவலகம் போகிறவருக்கு அந்த யோசனை பொருந்தும். பால் பாக்கெட் இறங்கும் முன் கடை திறந்து, இரவு கடைசி வாடிக்கையாளருக்குப் பிறகு அடைக்கும் பலசரக்கு வணிகருக்குப் பொருந்துமா? கடைக்குப் பக்கத்தில் ரூ.12,000, தொலைவில் ரூ.8,000 என்றால் மீதி ரூ.4,000. போக்குவரத்துக்கு ரூ.1,500 போனால் நிற்பது ரூ.2,500, நாளுக்கு 83 ரூபாய். காலை ஒரு மணி நேரமும் இரவு ஒரு மணி நேரமும் கடை மூடிக் கிடந்தால் இழக்கும் லாபம் 83 ரூபாய்க்குக் குறைவாகவா இருக்கும்? முதல் இரண்டு ஆண்டுகள் சிறிய வீடானாலும் நடந்து போகும் தூரத்தில் இருப்பதே நல்லது.

ஒத்திக்கு எடுக்கலாமா?

நாம் ஒத்தி என்று சொல்வதைச் சென்னையில் "லீஸ்" என்பார்கள். மொத்தமாக எட்டு லட்சம் கொடுத்தால் மாத வாடகை இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. அந்த எட்டு லட்சம் இரண்டு வட்டிக்கு வாங்கிய பணமானால் மாதம் ரூ.16,000 வட்டி. வாடகையே மேல். சும்மா கிடக்கும் சொந்தப் பணமானால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் வில்லங்கச் சான்று பார்க்காமலும், பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்யாமலும் பணம் கொடுக்கவே கூடாது. வீட்டின்பேரில் உரிமையாளர் வாங்கிய கடன் நிலுவையில் நின்றால், 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி வங்கி அந்த வீட்டைக் கைப்பற்றலாம். நம் பணத்துக்கு நாம் அலைய வேண்டிவரும்.

ஒப்பந்தம் யார் பெயரில்?

ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வணிகர்கள் கவனிக்க வேண்டும். பதிவு பெற்றவர் குடியிருப்பு வீட்டை வாடகைக்கு எடுத்தால், 2022 ஜூலை 18 முதல் 18 சதவீத வரியை அவரே கட்ட வேண்டும் என்று விதி வந்தது. 2023 ஜனவரி 1 முதல், தனி உரிமையாளர் தம் சொந்தப் பொறுப்பில், தாம் குடியிருப்பதற்காக எடுக்கும் வீட்டுக்கு விலக்கு உண்டு. ஆகவே வீட்டு ஒப்பந்தத்தைக் கடைப் பெயரில் எழுதாதீர்கள். வாடகையைக் கடைக் கணக்கில் செலவாக எழுதாதீர்கள். கடையும் வீடும் ஒரே கட்டடத்தில் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி ஒப்பந்தம் போடுங்கள். கடை வாடகைக்கு விதியே வேறு. பதிவு பெறாத உரிமையாளரிடம் எடுத்த கடைக்கு, பதிவு பெற்ற வணிகரே 2024 அக்டோபர் 10 முதல் வரி கட்ட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரி 16 முதல் விலக்கு அளிக்கப்பட்டது.

சொந்த வீடு எப்போது?

"வாடகை கொடுப்பதைத் தவணையாகக் கட்டலாமே" என்பார்கள். முப்பது லட்ச ரூபாய் வீட்டை எடுத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரைதான் வங்கி தரலாம். அதாவது 27 லட்சம். கைப்பணம் 3 லட்சம். பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்தால் இன்னும் ரூ.2,70,000. ஆக ஐந்து லட்சத்து எழுபதாயிரம் கையில் வேண்டும். ஒன்பது சதவீத வட்டியில் இருபது ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் ரூ.24,300. கடை ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணை நிற்காது.

எனவே மூன்று ஆண்டு கடை நடத்தி, வருமான வரிக் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்து, பண்டிகை இல்லாத மாத லாபத்திலும் தவணை கட்ட முடியும் என்று தெரிந்த பிறகு வாங்குவதே விவேகம். வாங்கும்போது மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சி.எம்.டி.ஏ. அல்லது உள்ளாட்சி அனுமதி இவற்றை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அடுக்குமாடி வீடானால், பிரிக்கப்படாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பாருங்கள்.

பேட்டையை மறக்க வேண்டாம்

இத்தனை கணக்கும் தனி ஆள் போடும் கணக்கு. நம் முன்னோர் இதைச் சேர்ந்து போட்டார்கள். மாட்டு வண்டியில் சரக்கு ஏற்றி வெளியூர் போன காலத்தில், இரவு தங்கவும் சரக்கைப் பத்திரமாக வைக்கவும் பேட்டைகள் கட்டினார்கள். சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை வணிகர்கள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து அந்தச் செலவை நடத்தினார்கள். புது ஊரில் தலை சாய்க்க இடம் தேடி எவரும் தம் முதலைக் கரைக்க வேண்டியிருக்கவில்லை.

இன்று அதே வேலையைச் சிறிய அளவில் செய்யலாம். சென்னையில் ஏற்கெனவே கடை நடத்தும் நம் ஊர்க்காரர்கள், நியாயமான அட்வான்ஸில் வீடு தரும் உரிமையாளர்களின் பட்டியலைச் சங்கத்திடம் கொடுக்கலாம். புதிதாகப் போகிறவருக்கு வீட்டு அட்வான்ஸை மட்டும் வட்டியின்றிக் கொடுத்து, வீட்டைக் காலி செய்யும்போது திரும்பப் பெறும் நிதி ஒன்றை ஒவ்வொரு சங்கமும் ஏற்படுத்தலாம். ஒருவருக்குக் கொடுத்த பணம் திரும்பி வந்து அடுத்தவருக்குப் போகும். அடுத்த பொதுக்குழுவில் இதை விவாதிக்கக் கேட்டுக்கொள்கிறோம். நம் பிள்ளைகளின் கைமுதல் அலமாரியில் சரக்காக நிற்கட்டும். அடுத்தவர் பெட்டியில் அட்வான்ஸாக உறங்க வேண்டாம்.