அந்த மலைக்கு நிலக்கரி எங்கிருந்து வருகிறது?

ஏழாம் வகுப்பு சமூக அறிவியலில் ‘புவியின் உள்ளமைப்பு’ பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளி எண்ணூர்ப் பக்கம். வகுப்பறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும். எரிமலை வெடித்தால் புகையும் சாம்பலும் வரும் என்று நான் சொன்னதும் ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், அந்த மலைக்கு நிலக்கரி எங்கேர்ந்து வருது?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அந்த ஆண்டு முடியும்வரை என் பாடவேளையில் அவள் கை தூக்கவே இல்லை.

2023 மே விடுமுறையில், இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் மேடான் நகரில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போனோம். 19ஆம் நூற்றாண்டில் புகையிலைத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். 1884இல் எழுந்த மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. வெயிலும் புழுக்கமும் நம் திருவொற்றியூர் மாதிரியேதான். அங்கிருந்து மலைப்பாதையில் இரண்டு மூன்று மணி நேரம் போனால் பெரஸ்தாகி என்ற ஊர். சுமார் 1,300 மீட்டர் உயரம். வண்டியை விட்டு இறங்கியதும் குளிர் தாங்காமல் சால்வையைத் தேடினேன். சந்தையில் கேரட், முட்டைக்கோஸ், ஆரஞ்சு எல்லாம் குவிந்து கிடந்தன. ஊட்டிக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. ஆனால் இங்கே வடக்கே சிபாயாக், மேற்கே சினாபுங் என்று இரண்டு எரிமலைகள் ஊரைப் பார்த்தபடி நிற்கின்றன.

எரிமலைக்குப் பக்கத்தில் எப்படிக் குளிரும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. மேடானில் 33 டிகிரி என்றால் பெரஸ்தாகியில் எவ்வளவு இருக்கும்? கரும்பலகையில் அவர்களையே கணக்குப் போட விடுங்கள். மலைக்குள் இருக்கும் சூடு அங்கங்கே உள்ள வெடிப்புகள் வழியாக வருமே தவிர, ஊரின் காற்றையே சூடாக்கிவிடாது.

மறுநாள் விடியற்காலையில் சிபாயாக் மேல் ஏறினோம். சுமார் 2,200 மீட்டர். அழுகிய முட்டை நாற்றம் முதலில் வந்தது. பிறகு குக்கர் விசில் போல ஒரு சீறல். பாறை வெடிப்புகளிலிருந்து வெண்மையாக ஆவி வந்துகொண்டிருந்தது. சுற்றிலும் மஞ்சள் மஞ்சளாகக் கந்தகம் படிந்திருந்தது. முதுகில் குளிர் காற்று, முகத்தில் அனல். நெருப்பு மட்டும் எங்குமே இல்லை. இத்தனை ஆண்டுகளாகச் சிவப்புச் சாக்பீஸால் நான் வரைந்த தீயை நினைத்துக்கொண்டேன். ‘எரிமலை’ என்ற பெயரே நம் பிள்ளைகளை வேறு பக்கம் கொண்டுபோய் விடுகிறது. அங்கே எதுவும் எரிவதில்லை, பாறை உருகுகிறது. புகை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி நீராவி.

‘சாம்பல்’ என்ற சொல்லும் அப்படித்தான். எங்கள் பிள்ளைகளுக்குச் சாம்பல் என்றால் எரிந்து மிஞ்சியது. எரிமலைச் சாம்பலோ, உள்ளே கரைந்திருக்கும் வாயு திடீரென விரிவதால் சிதறும் பாறையும் கண்ணாடித் துகளும்தான். நீரில் கரையாது. நனைந்தால் கனம் கூடிக் கூரையையே இறக்கிவிடும். ஏறத்தாழ 400 ஆண்டுகள் அமைதியாக இருந்த சினாபுங் 2010இல் விழித்துக்கொண்டது. 2014 பிப்ரவரி 1 அன்று பாய்ந்து வந்த சூடான வாயுவும் சாம்பலும் மாணவர்கள் உட்படப் பத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன. பல கிராமங்களை நிரந்தரமாக வேறிடத்துக்கு மாற்றினார்கள். அதே வட்டாரத்தில்தான் தோபா ஏரியும் இருக்கிறது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே நடந்த பெருவெடிப்பின் சாம்பல், கடல் தாண்டி ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் இன்றும் படிவமாகக் கிடக்கிறது.

சரி, நிலக்கரி இல்லையென்றால் சூடு எங்கிருந்து வருகிறது? பூமி உருவானபோது தங்கிய வெப்பமும், உள்ளிருக்கும் கதிரியக்கத் தனிமங்கள் சிதைவதால் பிறக்கும் வெப்பமும்தான். இந்தியப் பெருங்கடலின் அடித்தட்டு சுமத்ராவுக்குக் கீழே நழுவி இறங்குகிறது. 2004 டிசம்பர் 26இல் நம் கரைக்குச் சுனாமி வந்தது இதே தட்டு எல்லையிலிருந்துதான். இறங்கும் தட்டு கூடவே கொண்டுபோகும் நீர், மேலிருக்கும் சூடான பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடுகிறது. அதனால் பாறை உருகி மேலெழுகிறது.

அறிவியல் கண்காட்சிகளில் சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றி எரிமலை பொங்கவைக்கிறோம். பார்க்க அழகுதான். ஆனால் அது வேதிவினை, எரிமலை வெடிக்கும் விதம் அதுவல்ல. அதற்குப் பதில் இரண்டு கோலி சோடா வாங்கினேன். ஒன்றை அசைக்காமல் திறந்தேன், மற்றொன்றை நன்றாகக் குலுக்கித் திறந்தேன். (திறப்பது ஆசிரியராகவே இருக்கட்டும், முன்வரிசை தள்ளி உட்காரட்டும்.) கரைந்திருந்த வாயு அழுத்தம் குறைந்ததும் வெளியேறி நீரைத் துளித் துளியாகச் சிதறடித்தது. அந்தத் துளிகள் பாறைக்குழம்பாக இருந்து காற்றிலேயே உறைந்தால் அதுதான் சாம்பல் என்றேன். எதுவும் எரியவில்லை என்பதைப் பிள்ளைகளே சொன்னார்கள்.

ஜூனில் எட்டாம் வகுப்புக்குப் போயிருந்த அந்த மாணவியையும் அன்றைக்கு வகுப்புக்கு அழைத்திருந்தேன். போன வருடம் நான் சிரித்த கேள்விக்கு இப்போதுதான் பதில் தெரிந்துகொண்டு வந்திருக்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சிபாயாக் மலைப்பகுதியில் பூமிக்குள்ளிருந்து வரும் நீராவியால் டர்பைன் சுழற்ற அமைத்த சிறிய மின்நிலையத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் தயங்கித் தயங்கித்தான் கை தூக்கினாள்.

“அப்போ அந்த கரண்ட்டுக்குச் சாம்பல் வராதா, டீச்சர்?”

வராது என்றேன். கந்தக வாயு கொஞ்சம் வரும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பக்கத்தில் இருந்த பையன், அப்படி ஒரு மலை நம்ம ஊர்ல ஏன் இல்லை என்று கேட்டான். தட்டு எல்லைகளின் வரைபடத்தைச் சுவரில் மாட்டி, சென்னை எங்கே இருக்கிறது என்று அவனையே தேடச் சொன்னேன்.